கண்ணாடி மாளிகையும் கரிப்பள்ளமும்

சென்னையிலே, பழைய மாமல்லபுரம் சாலையிலே, வானை அளக்கும் வண்ணக் கண்ணாடி மாளிகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காலைக் கதிரவன் அவற்றிலே முகம் பார்க்கிறான். மாலை மேகம் அவற்றின் மேனியிலே மிதந்து செல்கிறது. வாயிலிலே பளபளக்கும் பட்டயம் ஒன்று பறைசாற்றுகிறது: இது பசுமைக் கட்டடம்! உள்ளே நுழைந்தால் உடல் சிலிர்க்கும் குளிர். சித்திரை வெயில் வெளியே நின்று கதவைத் தட்டுகிறது. உள்ளே அமர்ந்து பணியாற்றும் இளைஞனோ, கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொள்கிறான்!

எழில்தான், மறுக்கவில்லை. ஏற்றம்தான், இழித்துரைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள், நேற்றுவரை ஏர் பிடித்தவனின் பேரப்பிள்ளைகள், அந்த மாளிகைகளிலே அமர்ந்து உலகத்தோடு உரையாடுகிறார்கள் என்பதிலே எனக்கும் பெருமைதான். ஆனால் மந்தாரக்குப்பத்திலிருந்து நண்பனைக் காணச் சென்ற எனக்கு, அந்தக் குளிரின் நடுவிலே ஒரு கேள்வி சுட்டது. இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து இறங்கி வந்ததா? வரம் கேட்டு வாங்கி வந்ததா? இல்லை, தோழர்களே! கம்பி வழியே வந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் நாட்டின் பல மின்நிலையங்களுக்குப் போய்ச் சேரலாம். அவற்றுள் ஒன்றின் புகைபோக்கி என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிறது. அதன் அருகிலே ஒரு பள்ளம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்த பள்ளம். அங்கே ஒரு காலத்திலே முந்திரித் தோப்பு இருந்தது, பலாமரம் இருந்தது, ஊர் இருந்தது. சென்னையிலே உயர்ந்திருக்கும் மாடிக்கும் இங்கே ஆழ்ந்திருக்கும் பள்ளத்துக்கும் உறவு உண்டு. மாடியைப் பார்த்தவர்கள் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. பள்ளத்தின் விளிம்பிலே வாழ்கிறவன் மாடியைத் திறனாய்வு செய்தால் என்ன? அந்த எண்ணத்திலே பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

கவிதையைத் திறனாய்கிறோம், நாடகத்தை நுணுகி ஆராய்கிறோம், திரைப்படம் வெளிவந்த அன்றே தெருமுனையிலே தீர்ப்பு வழங்குகிறோம். கட்டடத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்? பிடிக்காத நூலை மூடி வைத்துவிடலாம். பிடிக்காத நாடகத்திலே பாதியில் எழுந்து வந்துவிடலாம். பிடிக்காத கட்டடத்தை என்ன செய்வது? அறுபது ஆண்டு, எழுபது ஆண்டு அது நம் தெருவிலே நிற்கும். நம் காற்றை மறிக்கும். நம் நீரைக் குடிக்கும். நம் பிள்ளைகள் அதற்குள்ளே வளர்வார்கள். எந்தக் கலையிலிருந்தும் விலகி நிற்கலாம், இந்தக் கலையிலிருந்து மட்டும் விலக முடியாது. எனவே எந்தக் கட்டடத்தின் முன்னாலும் நின்று மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும் என்கிறேன். எங்கே எழுந்தாய்? எதனால் எழுந்தாய்? எவருக்காக எழுந்தாய்?

முதற்கேள்வி: எங்கே? தென்சென்னையின் மழைநீரையெல்லாம் தாங்கி நின்று, மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பி வைத்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இன்று அது குப்பை மேட்டுக்கும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் இடம் கொடுத்துக் கொடுத்துச் சுருங்கி, பழைய பரப்பின் சிறு பங்காக எஞ்சி நிற்கிறது. 2015 டிசம்பரிலே பெருமழை பெய்தது. நீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்தது. வீட்டிலே வேறு யாரோ குடியிருக்கக் கண்டது! சென்னை மூழ்கியது. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் பட்டியலில் உலகச் சிறப்பு கிடைத்தது. போன நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. நீர் நிற்கவேண்டிய இடத்திலே நின்றுகொண்டு, கூரைமேல் நாலு தொட்டிச் செடியை வைத்துவிட்டு, 'நான் இயற்கையின் தோழன்' என்று ஒரு கட்டடம் சொன்னால், அதை நம்புகிறவனை என்னென்பது?

இரண்டாம் கேள்வி: எதனால்? கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். கதிரவனின் ஒளி கண்ணாடியை ஊடுருவி உள்ளே செல்லும். மேசையைச் சுடும், தரையைச் சுடும். சூடேறிய மேசையும் தரையும் அந்த வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது, அதே கண்ணாடி 'போகாதே' என்று தடுத்துவிடும். குளிர் நாட்டிலே இது அறிவுடைமை. ஆண்டிலே பாதிநாள் வெயிலைக் காணாத ஊரிலே, வந்த வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கண்ணாடிச் சுவர் கட்டினார்கள். நமக்கோ, ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் ஆகஸ்டிலும், கதிரவன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறான்! இங்கே கண்ணாடிச் சுவர் எழுப்புவது, வெயிலுக்கு விருந்து வைத்து, வெப்பத்துக்கு வாயில் திறந்து, பிறகு குளிரைக் காசு கொடுத்து வாங்குவது. புதுவகைக் கண்ணாடிகள் வந்துவிட்டன, மேற்பூச்சினால் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுக்கின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் நிழல் விழும் சுவருக்கு இணையாக எந்தப் பூச்சும் நிற்பதில்லை.

அடுத்தது சிமென்ட். சுண்ணாம்புக் கல்லை 1400 பாகைக்கு மேல் சூளையிலே சுட்டால்தான் சிமென்ட் பிறக்கும். எரிபொருளின் புகை ஒருபுறம். சுடப்படும் கல்லே தன்னுள் அடக்கி வைத்திருந்த கரியமில வாயுவை வெளியிடுவது மறுபுறம். உலகம் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவிலே நூற்றுக்கு 7, 8 பங்கு சிமென்டால் வருவது. எரிபொருளாலும் ஆலைகளாலும் வருவதை மட்டும் கணக்கிட்டால், கட்டடங்களைக் கட்டுவதும் பயன்படுத்துவதுமாகச் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கடல் பொங்குகிறது, பருவம் பொய்க்கிறது என்று பேசுகிறோமே, அந்தக் குற்றப் பட்டியலிலே நாம் குடியிருக்கும் வீடும் ஒரு குற்றவாளி!

பசுமைப் பட்டயம் இருக்கிறதே என்பார்கள். பட்டயம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. தண்ணீரை மிச்சப்படுத்தினால் மதிப்பெண், மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் மதிப்பெண் என்று ஒரு கணக்கு இருப்பது நல்லதே. ஆனால் அது பெரும்பாலும் 'எப்படிக் கட்டினாய்?' என்று கேட்கும் கணக்கு. 'இதைக் கட்டத்தான் வேண்டுமா?' என்று கேட்கும் கணக்கு அன்று. 2010 மார்ச்சிலே சென்னை ஓமந்தூரார் தோட்டத்திலே புதிய சட்டமன்ற வளாகம் திறக்கப்பட்டது. ஜெர்மனி நாட்டுக் கட்டடக்கலைஞர்கள் வடித்தது. பசுமைக் கட்டடம் என்று புகழப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியது. மன்றம் பழைய கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அந்த வளாகம் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. எழுப்பியவர் எந்தக் கட்சி, மாற்றியவர் எந்தக் கட்சி என்பதை அரசியல் மேடைக்கு விட்டுவிடுவோம். திறனாய்வாளனுக்கு அதிலே இரு பாடங்கள். ஒரு வேலைக்கென்று கோடிகளைக் கொட்டிக் கட்டியதை அந்த வேலையிலிருந்து நீக்கும்போது பசுமைக் கணக்கு பாழாகிறது, இது முதற்பாடம். இடித்துத் தள்ளாமல் நோயாளிக்குக் கட்டில் போட்டதாலே, அந்தக் கல்லும் கம்பியும் வீணாகவில்லை. இது இரண்டாம் பாடம். புதிதாகக் கட்டும் பசுமைக் கட்டடத்தைவிட, இருப்பதை இடிக்காமல் பயன்படுத்துவது பல வேளைகளில் பசுமையானது.

இனிப் பள்ளத்துக்கு வருவோம். 1930களிலே ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் கிணறு தோண்டியபோது, நீரோடு கருநிறப் பொருள் ஒன்று வந்தது. பழுப்பு நிலக்கரி! 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதத்திலே நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த முதல் அனல் மின்நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. தமிழகத்தின் குடிசையிலே விளக்கு எரிந்ததற்கும், வயலிலே மோட்டார் ஓடியதற்கும், ஆலையிலே சக்கரம் சுழன்றதற்கும் நெய்வேலிக்குப் பங்கு உண்டு. அந்த நன்றியை மறப்பவன் நானல்லன். அந்தக் கரியிலே வந்த கூலியிலேதான் என் தந்தையார் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

ஆனால் விலை என்ன? நெய்வேலிக் கரி ஏறத்தாழப் பாதி நீர். ஆகையால் ஓர் அலகு மின்சாரத்துக்குக் கருநிலக்கரியைவிட அதிகம் எரிக்கவேண்டும், அதிகம் புகை விடவேண்டும். கரிக்கு மேலே பல பத்து மீட்டர் மண். ராட்சதச் சக்கர வாளிகள் அதை அள்ளி அள்ளி மலையாகக் குவிக்கின்றன. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கி நிற்கும் நிலத்தடி நீர். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிற்கும். 2023 ஜூலையிலே வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின்மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நாடே பார்த்துத் திகைத்தது. உயர்நீதிமன்றமும் கேள்வி எழுப்பியது. அந்தப் பயிர் அழிந்தது எதற்காக? மருத்துவமனை விளக்குக்காக என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். வெயிலை உள்ளே விட்டுவிட்டு அதை விரட்டுவதற்காக ஓடும் குளிர்சாதனத்துக்காகவும் என்றால்? பகுத்தறிவுள்ளவன் எப்படிப் பொறுப்பான்? முதல் அனல் மின்நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது, கதிரவன் ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் பெருகி வருகிறது, மகிழ்ச்சி. எனினும் மிகத் தூய்மையான மின்சாரம், செலவழிக்க வேண்டியிராத மின்சாரமே!

மூன்றாம் கேள்வி: எவருக்காக? இதற்கு விடை தேடி நான் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. மிதிவண்டியிலே நகரியத்துக்குள் நுழைந்தால் போதும். வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட ஊர், அகன்ற சாலைகள், இருமருங்கும் குடைபிடிக்கும் மரங்கள், தாழ்ந்த வீடுகள், வீட்டைச் சுற்றித் தோட்டம். மேமாத நண்பகலிலும் அந்த நிழலுக்குள் நுழைந்ததும் நெற்றி வியர்வை அடங்குகிறது. அதைத் திட்டமிட்டவர்கள் மரத்தையும் கட்டடப் பொருளாக எண்ணினார்கள். அவர்களுக்கு என் வணக்கம். இன்றைய நகரங்கள் அங்கே கற்கவேண்டியது நிறைய. ஆனால் அந்த நிழல் பதவி பார்த்துப் பரிமாறப்பட்ட நிழல். பெரிய பதவிக்குப் பெரிய தோட்டம், சிறிய பதவிக்குச் சிறிய தோட்டம். பதவியே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு? வேலிக்கு வெளியே, வாடகைக்கு ஓர் அறை. தலைக்கு மேலே தகரமோ சிமென்ட் அட்டையோ! கரியை வெட்டிக் கொடுத்த கைக்குக் கிடைத்தது, வெந்த காற்றையே சுற்றிச் சுற்றி வீசும் ஒரு மின்விசிறி. இயற்கையோடு இயைந்த வாழ்வு இங்கே ஓர் உயர்பதவிச் சலுகை!

நான் பாடம் நடத்தும் வகுப்பறைக்கும் தகரக் கூரைதான். பகல் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். 'சோம்பேறிகள்' என்று முதலில் நானும் கடிந்துகொண்டேன். ஒருநாள் அறிவியல் ஆசிரியரிடம் இரு வெப்பமானிகளை இரவல் வாங்கி, ஒன்றை வகுப்பறையிலும் மற்றொன்றைப் பள்ளிக்கூட வேம்பின் அடியிலும் தொங்கவிட்டோம். மாணவர்களே ஓடி ஓடிக் குறித்தார்கள். தகரத்தின் கீழே பாதரசம் ஏறிக்கொண்டே போயிற்று. வேம்பின் கீழே அடங்கி நின்றது. கடைசி வரிசைப் பையன் கேட்டான்: 'சார், அப்போ எங்கமேல தப்பில்லையா?' அன்றுமுதல் பிற்பகல் வகுப்பு வேம்படியில்தான். கட்டடம் செய்த குற்றத்துக்குக் குழந்தையைத் தண்டித்துவந்தேன் என்ற வெட்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் ஓடிவரும். 'ஆகா! அதனால்தான் சொல்கிறோம், பாட்டன் காலத்துக் கூரைக்குத் திரும்புங்கள், மண்குடிசையிலே மாண்பு இருக்கிறது' என்று பாடும். நில்லுங்கள் என்கிறேன்! 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியபோது நான் பள்ளிச் சிறுவன். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஓலைக் கூரைகள் பட்டமாய்ப் பறந்தன. அந்த இரவிலே மெத்தை வீடு தேடி ஓடியவர்கள் யார்? ஒரு தீப்பொறியிலே சேரி முழுதும் சாம்பலாகிப் போன செய்திகளை ஆண்டுதோறும் படித்தோமே, வெந்தவர்கள் யார்? குடிசை குளிர்ச்சியானது என்று எழுதுகிறவன், குடிசையிலே குடியிருப்பதில்லை. ஏழை கான்கிரீட் வீடு கேட்டது பகட்டுக்கன்று. தீக்கும் புயலுக்கும் இழிவுக்கும் தப்புவதற்கு. ஊருக்குள்ளே ஓட்டு வீடு, ஊருக்கு வெளியே ஓலை வீடு என்றிருந்த நாட்டிலே, கூரை என்பது வெறும் கூரையன்று; அது சாதியின் அடையாளம். ஆகையால் பழமைக்குத் திரும்புவது விடையாகாது. பழமையிலிருந்த அறிவைப் பிரித்தெடுத்து, புதுமையின் வலிமையோடு சேர்ப்பதே விடை.

பிரித்தெடுக்கத் தெரியவேண்டும். அங்கேதான் வாஸ்து வந்து வழிமறிக்கிறது. கட்டடத்துக்கு இயற்கையோடு உள்ள உறவைச் சொல்வதாக அது மார்தட்டுகிறது. ஈசானிய மூலை, கன்னி மூலை, அக்கினி மூலை என்று வீட்டை மூலை மூலையாகப் பங்கு போடுகிறது. மனையடி சாத்திரமோ, இத்தனை அடி நீளமென்றால் செல்வம், இத்தனை அடியென்றால் சாவு என்று அளவுகோலுக்கே சோதிடம் பார்க்கிறது! சென்னைக்கும் ஒரே விதி, சிம்லாவுக்கும் ஒரே விதி. மலையடிவாரத்துக்கும் அதே, கடற்கரைக்கும் அதே. எந்த ஊரிலே எந்தக் காற்று, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வெயில் என்று கேட்காத ஒன்றுக்கு இயற்கையறிவு என்று பெயரா? நம் பகுதியிலே கோடை மாலைகளில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அக்கினி மூலையென்று தென்கிழக்கிலே அடுப்பை வைத்தால், வருகிற காற்று புகையைச் சுமந்துகொண்டு வீடெங்கும் உலா வரும். கண்ணைக் கசக்குவது சாத்திரம் எழுதியவன் அல்லன், சமைக்கிறவள்!

இன்னொன்று. காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவன் தமிழன். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல்! நாலு காற்றையும் நாள்தோறும் உற்று நோக்கியவனுக்கு அன்றி வேறெவனுக்கு இது தோன்றும்? அந்தத் தென்றலைப் பாடாத புலவன் இல்லை. பேசாத காதலன் இல்லை. அத்தகைய தமிழன் இன்று வீடு கட்டும்போது, 'தெற்குப் பக்கம் சன்னல் ஆகாது, எமன் திசை' என்று சொல்லக் கேட்டு, தென்றல் வரும் வழியைச் செங்கல் வைத்து அடைக்கிறான்! அடைத்துவிட்டுக் கடைக்குப் போய்க் குளிர்சாதனம் வாங்குகிறான்! கண்ணாடி மோகமும் வாஸ்து மோகமும் வேறு வேறு என்று எண்ணாதீர்கள். ஒன்று கோட்டு அணிந்திருக்கிறது, மற்றொன்று குங்குமம் அணிந்திருக்கிறது. இரண்டுக்கும் தாய் ஒருத்தியே. கேள்வி கேட்காத மனம்தான் அவள்.

கேள்வி கேட்டுக் கட்டினால் எப்படி இருக்கும்? நமக்கு அருகிலேயே சான்று உண்டு. புதுச்சேரியிலே கோல்கொண்டா என்றொரு விடுதி. 1930களின் இறுதியிலே தொடங்கி 1940களிலே நிறைவுற்றது. அன்டோனின் ரேமண்ட் என்ற செக் நாட்டுக் கட்டடக்கலைஞர் வகுத்தது. ஜார்ஜ் நகாஷிமா என்பவர் உடனிருந்து உழைத்தது. அது ஓர் ஆசிரமத்துக்கு உரியது. அந்த ஆசிரமத்தின் நம்பிக்கைகளோடு நமக்கு உடன்பாடு இல்லை. எனினும் அந்தக் கட்டடம் பகுத்தறிவால் கட்டப்பட்டது. அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்லர். நீண்ட முகப்புகள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. குறுகிய பக்கங்களே கிழக்கு மேற்கு வெயிலை வாங்குகின்றன. சுவருக்குப் பதிலாக, கையால் திருப்பித் திறந்து மூடக்கூடிய கிடைப்பலகைகள் முகப்பு முழுதும். காற்று வேண்டுமா? திற. சாரல் அடிக்கிறதா? மூடு. கூரைக்கு மேலே மற்றொரு கூரை. இடையிலே காற்று ஓடி வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. கட்டடமோ கான்கிரீட்! கான்கிரீட் என்றாலே இயற்கைக்குப் பகை என்று எண்ணுவோருக்கு அங்கே பதில் இருக்கிறது. பகை பொருளிலே இல்லை. அதைப் பயன்படுத்தும் புத்தியிலே இருக்கிறது.

மற்றொருவர், லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமிலே பிறந்து, இந்தியாவிலேயே வாழ்ந்து, 2007இல் திருவனந்தபுரத்திலே மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவிலே கிடைக்கும் பொருள்களால் வீடு கட்டவேண்டும் என்று காந்தியார் சொன்னதை வாழ்நாள் முழுதும் நெஞ்சிலே வைத்திருந்தவர். அவர் பரப்பியது எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவிலே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம். இடையிலே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கிறது. தளம் போடும்போது, தளத்தின் கீழ்ப்பகுதிக் கான்கிரீட் கம்பியைப் பிடித்திருப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் சுமப்பதில்லை என்பதைக் கண்டு, கம்பிகளுக்கு இடையிலே பழைய ஓடுகளைப் பதித்தார். சிமென்ட் குறைந்தது, எடை குறைந்தது. சன்னலுக்கு மரமும் கம்பியும் தேடாமல், செங்கலையே இடைவெளி விட்டு அடுக்கி வலைச்சுவர் ஆக்கினார். காற்று வந்தது, வெயில் வரவில்லை. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்திலே இன்றும் போய்ப் பார்க்கலாம்.

பேக்கரிடமும் ஒரு கேள்வி உண்டு. அவருடைய பூசாத செங்கற் சுவரை ஏழை விரும்பினானா? பலர் விரும்பவில்லை. 'பூசாத வீடு, பாதி வீடு' என்பது நம் மக்களின் எண்ணம். வசதி படைத்தவனோ, அதே பூசாத சுவரைப் பெருஞ்செலவிலே எழுப்பி, 'எளிமை' என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். ஏழைக்காகப் பிறந்த கலை, பணக்காரனின் நாகரிகமாகிவிட்டது. இது கலைஞனின் குற்றம் மட்டுமன்று. மதிப்பு எதிலே இருக்கிறது என்று மக்களிடம் எடுத்துச் சொல்லாத நம் குற்றமும் ஆகும்.

ஐந்து மைல் சுற்றளவு என்றாரே, மந்தாரக்குப்பத்துக்கு ஐந்து மைலிலே என்ன கிடைக்கும்? சாம்பல்! கரி எரிந்த சாம்பல். அதைச் சிமென்டோடும் சுண்ணாம்போடும் மணல்தூளோடும் அழுத்தி வார்த்தால் ஃபிளை ஆஷ் கல்; கொத்தனார்கள் சாம்பல் கல் என்பார்கள். சூளையிலே சுடவேண்டியதில்லை, வயலின் மேல்மண்ணை வெட்டவேண்டியதில்லை. அனல் நிலையங்களுக்கு அருகே அந்தச் சாம்பலைச் செங்கலிலே கலக்கவேண்டும் என்று 1999இலேயே நடுவணரசு ஆணை பிறப்பித்தது. ஆனால் இதையும் கண்மூடிப் புகழமாட்டேன். சாம்பல் கல்லின் பசுமை, கரி எரிவதை நம்பி நிற்கும் பசுமை. கல் வேண்டும் என்பதற்காகக் கரி எரிக்கக் கூடாது. எரிந்துவிட்ட சாம்பல் குளத்திலே கிடந்து காற்றிலே பறப்பதைவிடச் சுவரிலே அடங்குவது நன்று. அவ்வளவே.

இவ்வளவும் எழுதுகிறவன் தன் வீட்டை எப்படிக் கட்டினான் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சென்ற ஆண்டு இரண்டு அறைகளோடு ஒரு சிறு வீடு கட்டினோம். தந்தையாரின் இருபதாண்டுச் சேமிப்பு. வாஸ்து பார்ப்பவர் வந்தார். மேற்கே நிற்கும் வேம்பை வெட்டுங்கள், நிலைவாசலை வடக்கே திருப்புங்கள், தெற்குச் சன்னலை அடையுங்கள் என்றார். நான் கொதித்தேன். தந்தையார் கலங்கினார். தன் உழைப்பெல்லாம் ஒரு மூலையின் தவறால் போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சத்தை ஏளனம் செய்வது எளிது, போக்குவதுதான் அரிது. மேற்குச் சுவரை எந்தச் சன்ஷேடும் காக்காது, மாலை வெயில் தாழ்ந்து வந்து அடிக்கும், மரம்தான் காக்கும் என்று பள்ளிக்கூட வெப்பமானியைக் கொண்டு வந்து காட்டினேன். வேம்பு பிழைத்தது. தெற்குச் சன்னலுக்கு வழக்காடியது நானல்லன்; என் தாயார். 'அடுப்படியிலே நிக்கிறது நான். காத்து எனக்குத்தான் வேணும். சன்னலை வையுங்க கொத்தனாரே' என்றார். சன்னல் வந்தது. நிலைவாசல் மட்டும் வடக்கே திரும்பியது, அது தந்தையாருக்காக. தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்து, அதற்கு மேலே வெள்ளையும் அடித்தோம். குளிர்சாதனம் வாங்கவில்லை, வாங்கவேண்டும் என்ற எண்ணமும் இந்தக் கோடையிலே எழவில்லை.

தோழர்களே! உங்கள் ஊரிலே பள்ளிக்கூடம் கட்டுகிறார்களா? போய்க் கேளுங்கள், வகுப்பறையின் சன்னல் எந்தக் காற்றை நோக்குகிறது என்று. ஊராட்சி அலுவலகம் கட்டுகிறார்களா? கேளுங்கள், ஏரிக்குள் கட்டுகிறீர்களா, மேட்டில் கட்டுகிறீர்களா என்று. தொகுப்பு வீடு கட்டுகிறார்களா? கேளுங்கள், ஏழையின் தளத்துக்கு மேலே வெள்ளையடிக்க ஏன் கணக்கில் இடமில்லை என்று. நகரத்திலே கண்ணாடி மாளிகையைக் கண்டால் வாயைப் பிளக்காதீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள். எங்கே? எதனால்? எவருக்காக?

இன்று மாலை இதை எழுதி முடிக்கும்போது, தெற்குச் சன்னல் வழியே காற்று வருகிறது. தொலைவிலே புகைபோக்கியின் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. எங்கோ ஒரு மாளிகையிலே யாரோ குளிரைக் கூட்டுகிறார்கள்; இங்கே சக்கர வாளி இன்னும் ஒரு பிடி மண்ணை அள்ளுகிறது. அந்தப் பிடி மண் நம் பாட்டன் உழுதது. அதை இனியும் அள்ளத்தான் வேண்டுமென்றால், ஒளிக்காக அள்ளட்டும். நோய் தீர்க்க அள்ளட்டும். ஏழையின் தலைக்கு மேலே விசிறி சுழல அள்ளட்டும். ஒருவன் சன்னல் வைக்க மறந்ததற்காக அள்ளவேண்டாம்!